ஹிமாலயன் 450: திறன் கூடியது, வரியும் கூடியது

புதுடெல்லி: ராயல் என்ஃபீல்டின் முந்தைய ஹிமாலயன், 24.3 குதிரைத்திறனுடன் நெடுஞ்சாலை ஏற்றங்களில் திணறியது. 2023 நவம்பரில் வெளிவந்த ஹிமாலயன் 450 அக்குறையைப் போக்கியது. அதன் 452 சிசி எஞ்சின் சுமார் 40 குதிரைத்திறனையும் 40 நியூட்டன் மீட்டர் இழுவிசையையும் வெளிப்படுத்துகிறது. 21 அங்குல முன்சக்கரம், 230 மி.மீ. தரை இடைவெளி, 17 லிட்டர் பெட்ரோல் டேங்க் ஆகியவை கரடுமுரடான மலைப்பாதைக்கு ஏற்றவை. 196 கிலோ எடை மட்டும் புதியவர்களைச் சோதிக்கும்.

வாங்குவோரை உண்மையில் தயங்க வைப்பது வரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைத் தாண்டியவற்றுக்கோ, செஸ் உட்பட 31 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதமானது. 1,000 சிசி சொகுசு பைக்கிற்கும் இதே விகிதம்தான். சேமித்து லடாக் செல்ல நினைக்கும் மாதச் சம்பளக்காரரை அந்த வரிசையில் நிறுத்துவது பொருத்தமாகத் தெரியவில்லை. 399 சிசி கேடிஎம் 390 அட்வென்சரும் இதே வரம்பில்தான் சிக்கியது.