செட்டிநாடு ஸ்டைல் வீடு: தூண் வேண்டுமா, முற்றம் வேண்டுமா?

சென்னை, கோவை, பெங்களூரு... எங்கே வீடு கட்டினாலும் ஆர்க்கிடெக்ட்டிடம் காட்ட மொபைலில் ஒரு போட்டோ ரெடியாக இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், தரையில் ஆத்தங்குடி டைல்ஸ். "இதே மாதிரி வேணும் சார்!"

கையில் இருப்பதோ 1,200 சதுர அடி மனை. போட்டோவில் இருப்பது ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. அப்படியென்றால் இதில் எதை எடுப்பது, எதை விடுவது? இந்த முடிவு உங்கள் பட்ஜெட்டோடு நிற்பதில்லை. காரைக்குடி பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் ஆயுளும் இதில் இருக்கிறது.

அந்த வீடுகள் ஏன் இடிகின்றன?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கிறது செட்டிநாடு. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து லேவாதேவி செய்த நகரத்தார், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை இங்கே பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இத்தாலியிலிருந்து மார்பிள் வந்தது.

1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்தன. பணம் வந்த வழி அடைபட்டது. குடும்பங்கள் வேலை, தொழில் என்று வெளியூர்களுக்கு நகர்ந்தன. இன்று ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். கல்யாணம், படைப்பு என்றால் கூடுவார்கள்; மற்ற நாளில் வீடு பூட்டிக் கிடக்கும். ஓடு நழுவினால் மழைத் தண்ணீர் இறங்கும், மரம் உளுக்கும். ரிப்பேர் செலவை யார் ஏற்பது என்பதில் இழுபறி. கடைசியில் சில வீடுகள் இடிக்கப்படுகின்றன. தூண், நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் தனித்தனியாக விலைக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இந்த வியாபாரத்தை நேரில் பார்க்கலாம்.

பழைய தூண் வாங்குவது தப்பா?

ஏற்கெனவே விழுந்துவிட்ட வீட்டின் தேக்கு விறகாகப் போவதைவிட, இன்னொரு வீட்டில் நிற்பது நல்லதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பழைய தூணுக்கு டிமாண்ட் கூடக்கூட, நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்பு அதிகம் என்றாகிவிடும். அப்போது ரிப்பேர் செய்ய நினைக்கிற பங்காளியின் குரல் எடுபடாது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால், அந்தப் பட்டியலில் இருப்பதாலேயே எந்த வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. இவை தனியார் சொத்துகள். ஹோட்டலாக மாறிப் பிழைத்த வீடுகள் கானாடுகாத்தானில் உண்டு. எல்லா வீட்டுக்கும் அந்த வாய்ப்பு அமையாது.

அப்போ எதை எடுக்கலாம்?

அந்த வீடுகளை வாழத் தகுந்ததாக்கியது தூண் மட்டுமல்ல. யாருடைய வீட்டையும் உடைக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முற்றம்: 6 அடிக்கு 6 அடி என்றால் 36 சதுர அடி. 1,200 சதுர அடி மனையில் வெறும் 3 சதவீதம். சூடான காற்று மேலே போக வழி, வீட்டின் நடுவே வெளிச்சம், மழைநீரைச் சேகரிக்க ஓர் இடம் என மூன்றும் கிடைக்கும். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டுவிட்டது; முற்றத்துத் தண்ணீரை அந்தத் தொட்டிக்கோ குழிக்கோ திருப்பிவிடலாம். ஒரு எச்சரிக்கை: பயந்துபோய் மேலே கண்ணாடியால் முழுசாக மூடினால் வெயில் உள்ளே சிக்கிக்கொள்ளும், வீடு அனலாகும். கம்பியும் கொசுவலையும் போடுங்கள். கண்ணாடிதான் வேண்டுமென்றால், பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விடுங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ்: இதற்குச் சூளையே கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுக்கிறார்கள். கையால் செய்வதால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. போட்டதும் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். புழங்கப் புழங்கத்தான் மெருகு ஏறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் போச்சு.

சுண்ணாம்புப் பூச்சு: சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து, பல அடுக்குகளாகப் பூசி, தேய்த்து மெருகேற்றும் வேலை. நாள் பிடிக்கும், கைத்திறன் வேண்டும். ஒயரிங், பைப் வேலைகளை முதலிலேயே முடித்துவிடுங்கள். பிறகு சுவரைக் கொத்தினால் ஒட்டு தெரியும்.

இந்த மூன்றிலும் உங்கள் பணம் இன்று வேலை செய்கிற கைகளுக்குப் போகிறது. அந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்கு நீடிக்க அதுதான் வழி. பழைய வீடுகளை ரிப்பேர் செய்யவும் இதே கைகள்தானே தேவை?

மலை வீட்டுக்கு ஒத்துவருமா?

கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ வீடு கட்டுபவர்களும் இதே டிசைனைக் கேட்கலாம். யோசித்துச் செய்யுங்கள். செட்டிநாட்டு வீடு, மழை குறைந்த வெக்கை பூமிக்காக உருவானது. வெப்பத்தை வெளியேற்றும் திறந்த முற்றம், குளிர் ஊரில் இருக்கிற கதகதப்பையும் வெளியேற்றிவிடும். அங்கே மூடிய கண்ணாடிக் கூரை பொருத்தமாக இருக்கும். ஊருக்கு ஏற்ற வீடு என்பதுதான் செட்டிநாட்டுப் பாடம். அதன் போட்டோ அல்ல.

தூண் கட்டாயம் வேண்டுமா?

வேண்டுமென்றால் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த ஊர் வீட்டுத் தூண் இது? அந்த வீடு தானாக விழுந்ததா, இதற்காகப் பிரிக்கப்பட்டதா? பதில் திருப்தியாக இல்லையென்றால், ஓர் ஆசாரியிடம் புதுத் தூணுக்கு ஆர்டர் கொடுங்கள். நூறு வருடப் பழமை அதில் இருக்காது. ஆனால், எங்கோ ஒரு கூரை இறங்காமல் நிற்கும்.