விசாரணையின்றி ஓராண்டு

"மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் பரிந்துரையின்பேரில் ஆட்சியர் உத்தரவு, குண்டர் தடுப்புச் சட்டத்தில் இளைஞர் திருச்சி மத்திய சிறையில் அடைப்பு.' பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் செய்திகளில் இத்தகைய வரிகளை அடிக்கடி பார்க்கிறோம். செய்தி அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்த ஆணை சட்டப்படி சரியானதா, உயர் நீதிமன்றத்தில் நிலைத்ததா என்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை.

பொதுவாகக் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் தமிழ்நாடு சட்டம் 14, 1982-இல் இயற்றப்பட்டது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், மணல் கடத்தல், இணையவழிக் குற்றம், பாலியல் குற்றம் எனப் பல குற்றங்கள் அதன் வரம்புக்குள் உள்ளன. இச்சட்டத்தின் கீழ் ஒருவரை 12 மாதங்கள் வரை விசாரணையின்றிச் சிறையில் வைக்கலாம். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, பிணைக்கும் வழியில்லை. அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்குரைஞரை வைத்து வாதிடும் உரிமையும் இல்லை. ஏற்கெனவே நீதிமன்றக் காவலில் இருப்பவருக்குச் சிறையிலேயே இந்த ஆணை வழங்கப்படுவதும் உண்டு. பிணை கிடைத்து வெளியே வந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

இதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு இடமளிக்கிறது. அதே பிரிவுதான் பாதுகாப்புகளையும் வகுத்துள்ளது. காவலுக்கான காரணங்களைத் தெரிவிக்க வேண்டும். முறையீடு செய்ய விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும். மாநிலச் சட்டமும் கெடு விதித்திருக்கிறது. 5 நாள்களுக்குள் காரணங்களைத் தர வேண்டும். 12 நாள்களுக்குள் அரசு ஒப்புதல் அளிக்க வேண்டும். 3 வாரங்களுக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். 7 வாரங்களுக்குள் குழுமம் கருத்துரைக்க வேண்டும். ஏட்டளவில் குறையில்லை. நடைமுறையில்தான் சிக்கல்.

ஆணையை எதிர்த்து ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். ஆனால், செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ வசிக்கும் விவசாயக் கூலிக் குடும்பம் ஒன்று ஆவணங்களைத் திரட்டி, வழக்குரைஞரைத் தேடி, உயர் நீதிமன்றத்தை அணுகுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். மனு விசாரணைக்கு வந்து தீர்ப்பாவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம், படிக்க முடியாத நகல், தமிழ் மொழிபெயர்ப்பு வழங்காமை போன்ற காரணங்களால் ஆணைகள் ரத்தாகின்றன. விடுதலை கிடைக்கும், இழந்த மாதங்கள் கிடைக்கா.

இதில் இன்னொரு முரணும் உண்டு. உண்மையிலேயே ஆபத்தானவர் ஒருவர் தெளிவற்ற ஒரு நகலின் காரணமாக வெளியே வந்துவிடுகிறார். குற்றமற்ற இன்னொருவர் அதே நகலுக்காகப் பல மாதங்கள் காத்திருக்கிறார். முறையான விசாரணை நடந்திருந்தால் இருவருக்கும் உரியது கிடைத்திருக்கும்.

விசாரணையற்ற சிறை என்றதும் ராணுவ ஆட்சிகளும் கலவரப் பகுதிகளுமே நினைவுக்கு வருகின்றன. 1982-இல் மணிப்பூரின் ஹுய்னிங் கிராமத்தில் ஒரு தலைமை ஆசிரியரும் உதவிப் போதகரும் ராணுவத்தினரால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் வீடு திரும்பவில்லை. "விட்டுவிட்டோம்' என்ற அரசுத் தரப்பின் விளக்கத்தை உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. இருவரையும் நேரில் நிறுத்துமாறு 1983-இல் ஆணையிட்டது. அது நிறைவேறாதபோது, 1984-இல் அவர்களின் மனைவியருக்குத் தலா ரூ.1 லட்சம் வழங்க உத்தரவிட்டது. சீருடையும் துப்பாக்கியும்கூட ஆட்கொணர்வு ஆணைக்குக் கட்டுப்பட்டவையே என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். ஆட்சியரின் கையொப்பத்துக்கும் அதே நெறிதான் பொருந்தும்.

அந்த நெறியை நாடு ஒருமுறை கைவிட்டதும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலில் உள்ளவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டுமே மாறுபட்டார். அத்தீர்ப்பு தவறென்று 2017-இல்தான் அதே நீதிமன்றம் அறிவித்தது.

ரௌடிகள் பிணையில் வந்து சாட்சிகளை மிரட்டுகிறார்கள் என்று காவல்துறை கூறுவதைப் புறந்தள்ள முடியாது. ஆனால், அதற்குப் பிணையை எதிர்ப்பதும், நிபந்தனையை மீறினால் ரத்து செய்யக் கோருவதும் சட்டத்தில் உள்ள வழிகள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு 2018-இல் உச்சநீதிமன்றமே ஒப்புதல் அளித்தது. சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று, தமிழகத்திலிருந்து சென்ற ரேகா வழக்கில் 2011-இல் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. அறிவுரைக் குழுமங்கள் வெறும் முத்திரை குத்தும் அமைப்புகளாக இருக்கக் கூடாது என்று 2024-இல் மீண்டும் எச்சரித்தது. எனினும், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில், தடுப்புக் காவல் கைதிகள் அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழகம் தொடர்ந்து முன்னிலையில் இருந்து வருகிறது.

மூன்று காரியங்களை உடனே செய்ய முடியும். காவல் ஆணை வழங்கப்பட்ட அன்றே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் தரப்பட்டு, இலவச வழக்குரைஞர் ஒருவர் சிறைக்கே சென்று முறையீட்டைத் தயாரித்துத் தர வேண்டும். ஆட்கொணர்வு மனுக்களை முடிக்க உயர் நீதிமன்றம் குறிப்பிட்ட கால வரம்பைப் பின்பற்ற வேண்டும். சட்டவிரோதம் என ரத்தாகும் ஆணைகளுக்கு இழப்பீடு வழங்க வேண்டும். ஏன் தவறியது என்று அரசு ஆராயவும் வேண்டும்.

மத்திய அரசுக்கும் ஒரு கடமை மிச்சமிருக்கிறது. அறிவுரைக் குழுமத்தின் கருத்தின்றிக் காவலில் வைக்கும் காலத்தை 3 மாதங்களிலிருந்து 2 மாதங்களாகக் குறைக்கவும், பணியிலுள்ள உயர் நீதிமன்ற நீதிபதியைக் குழுமத்தின் தலைவராக்கவும் வகைசெய்யும் 44-ஆவது திருத்தத்தை நாடாளுமன்றம் 1978-இல் நிறைவேற்றியது. அத்திருத்தத்தின் அந்தப் பிரிவு மட்டும் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதற்குத் தேவை புதிய சட்டமல்ல. ஓர் அறிவிக்கை மட்டுமே.

குற்றவாளியைத் தண்டிக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. அவர் குற்றவாளி என்று யார் சொல்வது என்பதே கேள்வி. நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே தண்டனை முடிந்துவிடுமானால், நீதி வழங்கும் பொறுப்பை நாம் ஒரு கோப்பிடம் ஒப்படைத்துவிட்டோம் என்றே பொருள்.