ஒரு மனைவிக்காரனின் ஆட்சேபணை

என் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நானும் என் மனைவியும் பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். டவராவில் நுரை ததும்பக் காபி வந்தது. எங்கள் இருவருக்கும் அது ஆகாது என்று நான் சொன்னதும், டீ போடச் சொல்லட்டுமா என்றார்கள். டீயும் ஆகாது என்றதும், வயிற்றில் ஏதாவது உபாதையா என்று மிகுந்த அனுதாபத்துடன் விசாரித்தார்கள். உபாதை ஒன்றுமில்லை, எங்கள் சபையின் நியமம் அது என்று விளக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் பிள்ளைக்குப் பெரியப்பா முறையான ஒரு பெரியவர், தம் நாற்காலியை என் பக்கமாகச் சற்றே நகர்த்திக்கொண்டு, பெண்களின் காதில் விழாது என்று தாமாக நிச்சயித்துக்கொண்ட ஒரு குரலில், "ஏனுங்க தம்பி, நீங்க மார்மன் சபையாமுங்களே? அதுல நாலஞ்சு சம்சாரம் வச்சுக்கலாமாமுங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "இருந்திருந்தா எனக்கு அடுப்படியில ஒத்தாசையா இருந்திருக்குமுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சூடாகப் பால் வந்தது. அந்த வரன் அமையவில்லை. நகைப் பேச்சு காரணமா, அந்தப் பெரியவரின் சந்தேகம் காரணமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பெரியவர்மீது எனக்குக் கோபம் கிடையாது. சந்தேகம் என்று ஒன்று உதித்தவுடன் அதைச் சம்பந்தப்பட்டவனிடமே கேட்டுவிட்டார் என்ற அளவில் அவர் மரியாதைக்குரியவர். என் ஆட்சேபணையெல்லாம், கேட்காமலே தெரிந்துவைத்திருக்கிற படிப்பாளிகளைப் பற்றியது. தினமும் இரண்டு பத்திரிகை வாசிக்கிறவர்கள், அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள், கிறிஸ்தவ சபைகளின் சரித்திரத்தில் தேர்ச்சியுடையவர்கள் என்று நான் மதிக்கிற பலரும், மார்மன் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் பலதார மணம் என்ற ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு புன்னகை புரிவதையும், அந்தப் புன்னகையோடு விசாரணை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுவதையும் முப்பது வருஷமாகக் கண்டுவருகிறேன். எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்பது பிறர் சூட்டிய பட்டப்பெயர். அதைத் தவிர்க்கும்படி 2018இல் எங்கள் தலைவராயிருந்த ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். முழுப்பெயரைச் சொன்னால் கோயம்புத்தூரில் யாருக்கும் விளங்குவதில்லையாதலால், அவருடைய ஆத்மா மன்னிக்கும் என்ற நம்பிக்கையில் இங்கே பட்டப்பெயரையே கையாளுகிறேன்.

பலதார மண வழக்கம் எங்களிடத்தில் இருந்தது. இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 1852ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், யூட்டாவிலுள்ள சால்ட் லேக் நகரத்தில் கூடிய ஒரு விசேஷ மகாநாட்டில் பலதார மணம் சபையின் கோட்பாடாகப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதே மகாநாட்டில்தான் உலகத்தின் பல திசைகளுக்கும் ஊழியக்காரர்கள் நியமிக்கப்பட்டார்கள் என்பதும், அவர்களில் ஒருவரான ரிச்சர்டு பாலன்டைன் 1853இல் நம் சென்னப்பட்டினத்துக்கே வந்து சேர்ந்தார் என்பதும் பலர் அறியாதவை. கப்பலை விட்டு இறங்கிய அந்த மனிதரிடம் பட்டினத்துத் துரைமார்கள் முதலில் கேட்ட கேள்வி எதுவாயிருக்கும் என்பதை நான் சுலபமாக ஊகித்துக்கொள்கிறேன்; பொள்ளாச்சியில் என்னிடமும் அதைத்தானே கேட்டார்கள்!

அதன் பிறகு நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1862இலும் 1882இலும் 1887இலும் அமெரிக்கக் காங்கிரஸ் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றிற்று. நூற்றுக்கணக்கான ஆண்கள் சிறை சென்றார்கள். சபையின் சொத்துகளைப் பறிமுதல் செய்யவும் சட்டம் வழி செய்தது. 1890இல் சபைத் தலைவர் வில்ஃபர்டு உட்ரஃப் அந்த வழக்கத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார். ஆயினும் அந்த அறிக்கைக்குப் பின்னும் அங்கங்கே சில மணங்கள் ரகசியமாக நடந்தமையால், 1904இல் இரண்டாவது அறிக்கை ஒன்று பிறந்தது. அதன்பின் இரண்டாவது மனைவியைத் தேடுகிறவனுக்குச் சபையில் இடமில்லை, நீக்கம்தான். 2008இல் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஒரு பண்ணையைப் போலீசார் சோதனையிட்ட செய்தி வந்தபோது, என் சிநேகிதர்கள் அதை எனக்குக் கத்தரித்து அனுப்பினார்கள். அந்தப் பண்ணைக்காரர்கள், வழக்கத்தை விட மறுத்து எங்களை விட்டுப் பிரிந்துபோன கூட்டத்தின் வழிவந்தவர்கள். பங்காளி வீட்டுக் குற்றத்துக்கு என் வீட்டில் ஜப்தியா?

இந்தச் சரித்திரத்தில் நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஓர் இடம் உண்டு. 1879இல் ஜார்ஜ் ரெய்னால்ட்ஸ் என்ற மார்மன் ஒருவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பலதார மணம் ஐரோப்பிய ஜாதியாருக்கு எப்போதும் அருவருப்பானதென்றும், பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஜனங்களுக்கே உரியதென்றும் காரணம் காட்டியது; மத நம்பிக்கை என்பதற்காக ஒரு பெண் கணவனின் சிதையில் விழுவதை அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்றும் கேட்டது. அதாவது, மார்மன்கள் கெட்டுப்போனது நம்மைப்போல ஆனதால் என்பது அந்தத் தீர்ப்பின் உட்கிடை. அந்தத் தீர்ப்பினால் ஓங்கி வளர்ந்த ஏளனத்தை இன்று இரவல் வாங்கிக்கொண்டு, நம்மவர்களே என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடை செய்த சட்டம் வந்தது 1949இல். மார்மன் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 59 வருஷம். அந்த 59 வருஷத்தில் மூத்தாளும் இளையாளும் ஒரே கூடத்தில் வளையவந்த வீடுகள் நம் தாலுகாக்களில் எத்தனை என்று பாட்டிமார்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

ஏளனம் பரவியதற்குக் கதைகளும் காரணம். துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாக உலகத்துக்கு அறிமுகமான 1887ஆம் ஆண்டு நாவலில், கொலைக்குப் பின்னணியாக நிற்பது யூட்டா. பெண்ணைப் பலவந்தமாகப் பிடித்துக்கொடுக்கும் கொடியவர்கள் மார்மன்கள். பள்ளிப் பருவத்தில் நானும் அதைக் கண் கொட்டாமல் வாசித்தவன்தான். அதை எழுதிய கானன் டாயில் அதற்கு முன்பு யூட்டாவை எட்டிப் பார்த்தவரல்லர். 36 வருஷம் கழித்து 1923இல் அவர் சால்ட் லேக் நகரத்துக்குப் போனபோது, அந்தக் கொடியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்களுடைய பிரதான கூடாரத்திலேயே அவருக்குப் பிரசங்க மேடை கொடுத்தார்கள். அந்த நாவலில் வரும் அபலைகளோடு நிஜமான ஒரு மாதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்த்தா ஹியூஸ் கானன் என்பவர் ஒரு மார்மனின் நான்காவது மனைவி. படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர். 1896இல் யூட்டாவின் மேல்சபைக்கு நின்று ஜெயித்து, அமெரிக்காவில் அத்தகைய பதவியேற்ற முதல் பெண்மணி ஆனார். அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சி சார்பில் நின்று தோற்றவர்களில் அவருடைய கணவரும் ஒருவர். இதனால் பலதார மணம் சிலாக்கியமானது என்று ஆகிவிடாது. அந்த ஏற்பாட்டை நான் ஒருநாளும் புகழ மாட்டேன். அபலைகள் என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது என்பதற்குத்தான் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் எழுதினால்தான் இந்தக் கட்டுரைக்கு யோக்கியதை. சபையை 1830இல் ஸ்தாபித்த ஜோசப் ஸ்மித்துக்கு எம்மா ஒருத்தியே மனைவி, மற்றதெல்லாம் அவருக்குப் பின்வந்த பிரிகாம் யங் காலத்துச் சங்கதி என்று நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன். அவ்வாறு வாதாடியது பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தினால் அன்று, அப்படித்தான் நம்பினேன். 2014இல் சபையே ஒரு விளக்கம் வெளியிட்டு, ஜோசப் ஸ்மித் முப்பதிலிருந்து நாற்பது பெண்கள்வரை மணந்திருக்கக்கூடும் என்று கவனமான மதிப்பீடுகள் கூறுவதாக ஒப்புக்கொண்டது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள், பல வருஷங்களுக்கு முன் என்னிடம் இதே விஷயமாக வாதாடித் தோற்றுப்போன ஒரு பழைய சிநேகிதரின் வீட்டுக்கு நடந்துபோய், "அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு அந்த வாதமே ஞாபகம் இல்லை! கறுப்பு இன ஆண்களுக்கு 1978வரை எங்கள் சபை குருத்துவத்தை மறுத்துவந்தது என்பதும் அப்படிப்பட்டதே. அதற்குச் சமாதானம் தேடும் முயற்சியை நான் நிறுத்தி வெகுநாளாயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு, நான் சேர்ந்ததற்கான காரணத்தையே பதிலாகச் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்த சபையின் திருமணத்தில், மரணம் நம்மைப் பிரிக்கும் வரைக்கும் என்று மணமக்கள் வாக்குக் கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். பிரிவுக்குத் தேதி குறிக்கிற அந்த வாக்கியம் என் மனைவிக்கு ஆரம்பம் முதலே பிடிக்கவில்லை. மரணம் குடும்பத்தைப் பிரிக்க வேண்டியதில்லை, சபையின் விசேஷ ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட கணவனும் மனைவியும் மறுமையிலும் கணவனும் மனைவியுமே என்பது மார்மன் உபதேசம். இந்தியாவில் ஆலயம் இல்லாத நாட்கள் அவை; பெங்களூருக்கு ஓர் ஆலயம் அறிவிக்கப்பட்டதே 2018இல்தான். அவளுடைய வளையல்கள் அடகுக்குப் போயின. நாங்கள் கடல் கடந்து போனோம். ஆலயத்துக்குள் நடப்பதை வெளியே விரித்துரைப்பது எங்கள் வழக்கமன்று. கண்ணாடிகளைப் பற்றி மட்டும் சொல்லலாம். முத்திரிக்கும் அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய கண்ணாடிகள் இருக்கின்றன. நடுவே நிற்கிறவர்களின் பிம்பம் ஒன்றுக்குள் ஒன்றாக முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வெள்ளைப் புடவையில் என் மனைவி நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள், அவளுக்கும் பின்னால் அவள் என்று கண்ணுக்கு எட்டியமட்டும் எனக்கு மனைவிகளாகவே இருந்தார்கள். அவள் என் காதருகே, "இப்ப எண்ணிக்குங்க" என்றாள்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. மனைவியை இழந்த ஒருவர் மறுமணம் செய்து, இரண்டாமவளோடும் முத்திரிக்கப்படலாம். மறுமையில் அவர்கள் மூவரும் எவ்வாறு இருப்பார்கள் என்று எங்கள் சபைப் பெண்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கிறவர்களின் வேதனையான கேள்வி. வெளித்திண்ணையில் உட்கார்ந்து கண் சிமிட்டுகிறவர்களின் கேள்வியோடு அதைச் சேர்க்கலாகாது.

நாங்கள் கிறிஸ்தவர்களே அல்லர் என்ற மற்றோர் ஆட்சேபம், திரித்துவத்தைப் பற்றிய பழைய விவகாரம். பிதாவும் குமாரனும் தனித்தனியானவர்கள் என்று நாங்கள் விசுவாசிக்கிறோம். திரித்துவத்தை வகுத்த நான்காம் நூற்றாண்டின் சூத்திரம் எங்களுக்குப் பிரமாணம் அன்று. இதனால் எங்களைத் தம் பந்தியில் சேர்க்க மறுக்கிற போதகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களாவது எங்கள் கொள்கையைப் படித்துவிட்டு மறுக்கிறார்கள்.

உலகம் முழுவதும் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் உறுப்பினராயுள்ள இந்தச் சபையில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். எங்கள் கிளைத் தலைவர் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை பார்க்கிறார். சபையிலிருந்து அவருக்குச் சம்பளம் இல்லை. திருவிருந்துக்கு ரொட்டியும் தண்ணீரும். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். மிச்சமாகிற சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்குப் போகிறது. யார் வேண்டுமானாலும் வந்து பின் வரிசையில் உட்காரலாம். காணிக்கைத் தட்டு நீளாது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து எங்களிடமே கேளுங்கள். எந்தக் கேள்வியானாலும் பாதகமில்லை. காபி மட்டும் கிடைக்காது, வீட்டிலேயே குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.