குயிலும் குட்டி யானையும்

நான் பி.காம். படித்தவன். இந்தத் தகவலை எங்கள் வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்பதால் முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பற்று, வரவு, தேய்மானம் மூன்றும் எனக்கு அத்துப்படி. ஆகவே, போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம் என் மனைவி, "ஏனுங்க, ஒரு தையல் மெஷின் வாங்கோணும்" என்று ஆரம்பித்தபோது, நான் கையில் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணுதான் இருக்குதே?"

இருக்கிறது. அவளுடைய கல்யாணச் சீரோடு வந்தது. கறுப்பு உடம்பு, தங்கப் பூ, இரும்பு மிதி. ஜாக்கெட், தலையணை உறை, மகளின் யூனிஃபார்ம் எல்லாம் அதில்தான். பக்கத்துத் தெருக்காரர்களின் ஜாக்கெட்டும் அதில்தான். என் எழுத்துக்கு செக் வராத மாதங்களில் மளிகைக் கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பது அந்த மெஷினால்தான். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

"அதுல குயில்ட் தைக்க முடியாதுங்க."

உள்ளேயிருந்து அம்மா, "குயிலை எதுக்குக் கண்ணு தைக்கோணும்? அதும்பாட்டுக்குக் கூவீட்டுப் போகட்டும்" என்றாள்.

குயில்ட் என்பது வேறொன்றுமில்லை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நகராதபடி குறுக்கும் நெடுக்கும் தையல். கர்நாடகத்தில் பழைய சேலைகளை அடுக்கி இதே மாதிரி தைத்து 'கௌதி' என்பார்கள். வங்காளத்தில் காந்தா. நம் பாட்டிமார்களும் பெயர் ஏதும் வைக்காமல் இதைத்தான் செய்து பேரன்களுக்குப் போர்த்தினார்கள். அதையே வெள்ளைக்காரன் பெயரோடு சொன்னால் விலை ஏறிவிடுகிறது.

விஷயம் இதுதான். மூன்றாவது வீட்டு டீச்சரம்மாவின் தாயார் தை மாதம் காலமாகிவிட்டார். பெட்டியில் ஆறு நூல் சேலைகள். டீச்சரின் பேத்தி ஆவணிக் கடைசியில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். குளிர் தேசம். "எங்கம்மாளோட சேலையிலேயே ஒரு போர்வை தெச்சுக் குடு அம்மிணி" என்று டீச்சர் ஆறு சேலையையும் மடி மீது வைத்துவிட்டுப் போய்விட்டார். கூலி 3,500 ரூபாய். என் மனைவி 'சரி' என்றும் சொல்லிவிட்டாள்.

சரி என்று சொன்னவள் நான்கு ராத்திரி தூங்கவில்லை. கால் மெஷினில் ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி ஆறரை அங்குலம். ஏழடிப் போர்வையைப் பாய் மாதிரி சுருட்டி அதற்குள் நுழைப்பது, பேருந்து ஜன்னல் வழியாக ஆளை ஏற்றுகிற மாதிரி. பாதி வரை போகும், அப்புறம் திணறும். கீழ்த்துணியை அடியில் இருக்கிற பற்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. மேல்துணியை பிரஷர் ஃபுட் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. விளைவு, சுருக்கம். பிரித்தால் பழைய நூல் சேலை, தையல் பிரியும் இடத்தில் இழை விடுகிறது. மூன்றாம் நாள் ஓரிடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிந்தே போயிற்று. அன்று அவள் சாப்பிடவில்லை.

"துணின்னா கடையில வாங்கிக் குடுத்தரலாமுங்க. இதை எங்க போய் வாங்கறது?" என்றாள்.

அமெரிக்காவில் இதற்கென்றே 'லாங் ஆர்ம்' என்று ஒரு மெஷின் இருக்கிறது. நீண்ட கை. ஊசிக்கும் உடம்புக்கும் நடுவே ஒன்றரை அடி, இரண்டடி இடைவெளி. நம் மெஷினில் துணி ஓடும், மெஷின் நிற்கும். அதில் நேர்மாறு. பத்து, பன்னிரண்டு அடிச் சட்டத்தில் துணியைக் கட்டிவிடுவார்கள். மெஷின் தண்டவாளத்தில் ரயில் மாதிரி துணி மீது ஓடும். தள்ளுகிறவர் வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் தையல் ஒரே அளவில் விழும்படி, சக்கரத்தின் வேகத்தை அளந்து ஊசிக்குச் சொல்கிற கருவி ஒன்றும் உண்டு. புதிது வாங்க ஒரு கார் விலை என்பதால் அங்கேயே பலர் பழசாக வாங்கி, அந்தக் கருவியை அப்புறமாகப் பூட்டிக்கொள்கிறார்களாம்.

இதையெல்லாம் செல்போனில் காட்டிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பன்னிரண்டடிச் சட்டம் போட்டால் ஒரு முனை அடுப்பங்கரையிலும் மறு முனை தெருவிலும் இருக்கும் என்றேன்.

"அது தெரியுமுங்க. திருப்பூர்ல பழைய பவர் மெஷின் கிடைக்கும். அதுல பத்து அங்குலத்துக்கு மேல இடம் இருக்குது. போதும்."

இங்கே ஒரு விஷயம். காந்திஜிக்கு இயந்திரங்கள் மீது இருந்த கோபம் ஊரறிந்தது. ஆனால் சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் அவர் 1924ல் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்று காரணமும் சொன்னார். உண்மையில் ஐசக் சிங்கர் ஒரு வீட்டுக்காரர் அல்ல, பல வீட்டுக்காரர். பிள்ளைகள் இருபதுக்கும் மேல். அவருக்கு முன்பே 1846ல் எலியாஸ் ஹோவ் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் சிங்கர் கம்பெனியை நான் கும்பிடுவேன். 1856லேயே மெஷினைத் தவணையில் விற்க ஆரம்பித்தவர்கள் அவர்கள். எங்களுக்கு அந்த வசதியில்லை. திருப்பூரில் பழைய சாமான் ரொக்கத்துக்குத்தான். சீட்டு எடுத்த 18,000 ரூபாயோடு ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினோம்.

திருப்பூரில் கம்பெனிகள் புது மாதிரி மெஷின்களுக்கு மாறிவருகின்றன. மோட்டார் மெஷினுக்குள்ளேயே இருக்கும், நூலைத் தானே வெட்டும். பழசெல்லாம் கடைக்கு வந்துவிடுகிறது. நாங்கள் போன கடையில் அறுபது, எழுபது மெஷின்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. அங்கே எல்லாமே 'ஜுக்கி'தான். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் ஜுக்கி.

"வாங்ணா, எல்லாம் புதுசு மாதிரிங்ணா" என்றார் கடைக்காரர்.

பெயின்ட் புதுசு மாதிரிதான் இருந்தது. என் மனைவி பெயின்டைப் பார்க்கவில்லை. ஊசி இறங்குகிற தகட்டை விரலால் தடவினாள். ஊசி குத்திக் குத்திச் சிராய்த்த தகடுகளைத் தாண்டிப் போனாள். சக்கரத்தைக் கையால் சுற்றி, எங்காவது கடிக்கிறதா என்று பார்த்தாள். ஊசிக் கம்பியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போடச் சொல்லி, கொண்டுபோயிருந்த பஞ்சுத் துண்டைத் தைத்தாள். மேல்பக்கம் வெள்ளை எட்டிப் பார்க்கக் கூடாது, கீழ்ப்பக்கம் சிவப்பு எட்டிப் பார்க்கக் கூடாது. தலையில் இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் ஆயில் துள்ளுகிறதா என்று பார்த்தாள். எட்டாவது மெஷினில் நின்றாள். கடைக்காரர் 'ணா'வை விட்டுவிட்டு அவளிடம் "சொல்லுங்கக்கா" என்று ஆரம்பித்தது அப்போதுதான்.

பேரம் மட்டும் என் இலாகா. 15,000 சொன்னார். தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம் என்று வருமானவரிக் கணக்கிலேயே இருக்கிறதே, இது ஓடிய வருஷத்துக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று ஒரு குறுஞ்சொற்பொழிவு நிகழ்த்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு 12,500 என்றார். சொற்பொழிவுக்காகவா, நிறுத்துவதற்காகவா தெரியவில்லை. ஏற்றிவர ஒரு குட்டி யானை பிடித்தோம், 1,800 ரூபாய். யானை என்றால் பயப்படாதீர்கள், அந்தச் சின்ன சரக்கு வண்டிக்கு நம் ஊரில் அதுதான் பெயர்.

"ஆயிலை வடிச்சுட்டு எடுத்துட்டுப் போங்ணா" என்று கடைக்காரர் சொன்னது என் காதில் விழுந்தது. காதில் மட்டும்தான் விழுந்தது. வழியில் சாய்ந்துவிடப் போகிறதே என்று மெஷினைப் படுக்க வைத்தது நான். ஈரோடு வருவதற்குள் யானை மதநீர் ஒழுக்கிக்கொண்டு வந்தது.

வீட்டில் இறக்கி, சூடம் காட்டி, பொட்டு வைத்தாயிற்று. எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து மேஜைக்கு அடியில் குனிந்தான். நிமிரவில்லை. வெகு நேரம் கழித்து, "அண்ணா, இது த்ரீ ஃபேஸ் மோட்டாருங்ணா. உங்க வூட்ல சிங்கிள் ஃபேஸ்" என்றான்.

மோட்டாரின் மீது ஒரு தகடு ஒட்டியிருக்கிறது. 415 வோல்ட், 3 ஃபேஸ் என்று எண்ணால் எழுதியிருக்கிறது. எண்களைப் படிப்பதற்கென்றே மூன்று வருஷம் காலேஜுக்குப் போனவன் அதைப் படிக்கவில்லை. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அம்மாதான் ஆறுதல் சொன்னாள். "போகட்டும் உடு. மேல ஒரு துண்டு விரிச்சா டி.வி. வெக்கலாம்."

ஆவணி பிறந்துவிட்டது. பேத்திக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்று டீச்சரே வந்து சொல்லிவிட்டுப் போனார். வேறு வழியில்லை, மோட்டாரை மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போதுதான் ஒரு உண்மை தெரிந்தது: த்ரீ ஃபேஸாக இல்லாவிட்டாலும் அதை மாற்றித்தான் இருக்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார், சுவிட்சைப் போட்டதிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றும், கரன்ட் தின்னும். மிதியை அமுக்கினால் நிமிஷத்துக்கு 4,000 தையல் என்று பாயும். பனியன் கம்பெனிக்கு அது சரி. செத்துப்போன ஒருவரின் சேலை மீது அப்படிப் பாய முடியுமா? சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் சுற்றும், சத்தம் இல்லை. வேகத்தை முன்கூட்டியே குறைத்து வைக்கலாம். கை பழகாதவர்களுக்கு ஆமை வேகம்கூட உண்டு. 5,200 ரூபாய். பழைய போல்ட் துளைகளிலேயே உட்கார்ந்துகொண்டது. பெல்ட்டை மாட்டி, மிதிக் கம்பியைக் கோத்துத் தம்பி அரை மணியில் முடித்துவிட்டான். நூல், ஊசி, துணி வழுக்கிப் போக ஒரு டெஃப்லான் ஃபுட், எல்லாம் 400. ஆக மொத்தம் 19,900. ஆறாவது குயில்ட்டில்தான் முதல் வரும் என்று கணக்குப் போட்டேன். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

மேல்துணி பின்தங்குகிற பிரச்னையைத் தீர்த்தது எந்த மெஷினும் இல்லை, அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நான்கு விரற்கடைக்கு ஒரு வரி என்று போர்வை முழுக்க ஓட்டுத் தையல் போட்டுக் கொடுத்தாள். மூன்று நாள். மூன்று துணியும் ஒன்றாகிவிட்டது. மருமகள் அதைச் சுருட்டி மெஷினுக்குள் நுழைத்தாள். பத்து அங்குலத்தில் சுருள் சுகமாகப் படுத்துக்கொண்டது. ஃபுட்டின் அழுத்தத்தைத் திருகித் தளர்த்திவிட்டு, வரி வரியாகத் தைத்தாள். சுருக்கமில்லை. கிழிந்த இடத்தின் மேல் ஒரு மாங்காய் வடிவத் துண்டை வைத்துத் தைத்தபோது, அது வேண்டுமென்றே வைத்தது மாதிரி இருந்தது.

கடைசி நாளில்தான் அது நடந்தது. அரக்குச் சுங்குடியில், புள்ளிகளுக்கு நடுவே, ஐம்பது பைசா அளவில் ஆயில் கறை.

காரணம் நான்தான். வழியில் கொட்டிப்போன ஆயிலை நான்தான் திரும்ப நிரப்பினேன். தொட்டியில் மேல் கோடு, கீழ்க் கோடு என்று இரண்டு கோடு இருக்கிறது. அரை லிட்டர் வாங்கியாயிற்று, மிச்சம் வைப்பானேன் என்று மேல் கோட்டுக்கு மேலும் ஊற்றிவைத்தவன் நான். பவுடர் தூவினோம். ஊறவைத்துத் தட்டினோம். சோப்பு நுரையை விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தோம். மங்கியது, போகவில்லை.

"சுங்குடியில புள்ளியோட புள்ளியாப் போயிரும். சொல்ல வேண்டாமே?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு அவளே போனாள். நான் பின்னால் போனேன், பணம் திருப்பித் தர வேண்டியிருந்தால் எவ்வளவு என்று மனசுக்குள் கூட்டியபடியே.

டீச்சர் போர்வையை மடியில் விரித்தார். ஒவ்வொரு சேலையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். இவள், "டீச்சர், இங்க மெஷின் ஆயில் பட்டுப்போச்சுங்க, என் கவனக்குறைவுதான், கூலி வேண்டாமுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள். 'என்' கவனக்குறைவு என்று அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுங்குடியைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எது அம்மிணி உன்னுது? இது தீவாளிக்கு முறுக்குச் சுட்டது. இது எங்க அண்ணன் கல்யாணத்துல வடை. இதா, இந்த வரி பூரா எங்கப்பாவுக்குக் காலுக்குத் தைலம் தேச்ச கையைத் தொடச்சது. இதுல நீ எதைச் சொல்றே?"

இவள் காட்டினாள். டீச்சர் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் 3,500 ரூபாயோடு ஐந்நூறு சேர்த்து, வெற்றிலைபாக்கில் வைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று இவள் சொல்ல, வாங்கிக்கோ என்று அவர் சொல்ல, அந்த விவகாரம் கால் மணி நேரம் நடந்தது. நான் தலையிடவில்லை.

போன வாரம் மெஷின் மீது ஒரு பழைய கண்டாங்கி மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாருடையது என்று கேட்டேன். "உங்க அம்மாயிதுங்க. அத்தை குடுத்தாங்க, அவசரமில்லைன்னு சொன்னாங்க" என்றாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இதுவரை மூன்று போர்வை முடிந்திருக்கிறது. நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. என் மனைவி இஞ்ச் டேப்பின் ஒரு முனையை வாசல் நிலையில் மாட்டிவிட்டு, மறு முனையை இழுத்துக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்த பீரோவைக் கொஞ்சம் அக்கட்டால நகர்த்தினா பதினோரு அடி வருதுங்க" என்றாள்.