கேமரன் மலைக்கு ஒரு வம்சப் பட்டியல் வேண்டும்

மொரிசியஸ் தமிழர் ஒருவர், தம் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று அறிய விரும்பினால் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தை நாடலாம். ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்களின் எண், ஊர், சாதி, உயரம், பலருக்குப் புகைப்படம்கூட அங்கே பதிவேட்டில் உண்டு. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த உங்களுக்கு அந்த வசதி இல்லை.

மலாயாவில் ஒப்பந்த முறை 1910இல் தடைசெய்யப்பட்டது. போ தோட்டம் தொடங்கியதோ 1929இல். கங்காணி ஆள் சேர்த்த காலம் அது. ஆளுக்கொரு ஒப்பந்தம் இல்லை, அத்தனை விரிவான குறிப்பும் இல்லை. பெரட்டுப் புத்தகம் சம்பளக் கணக்குக்கானது. பெயர் கொடுத்தவளைப் பெற்றவள் யார் என்று அது கேட்காது. நம் பெயர்முறையும் கைகொடுப்பதில்லை. முனியாண்டி மகன் ராமசாமி, ராமசாமி மகன் குமார்: இரண்டே தலைமுறையில் முனியாண்டி காணாமல் போகிறார். மரபணுச் சோதனை உங்களைத் தென்னிந்தியர் என்று சொல்லும். சேலமா, புதுக்கோட்டையா என்று சொல்லாது.

மிஞ்சுவது நினைவு. அதை முறையாகச் சேகரிக்க முடியும் என்று நீலகிரியில் காட்டியவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். தோடர்களின் வம்சாவளிகளைக் கேட்டெழுதி 1906இல் நூலாக வெளியிட்டார். இறந்தவர் பெயரை உறவினர் உச்சரிக்கக் கூடாது என்பது தோடர் வழக்கம். எனவே பிற குடும்பத்தாரிடம் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டார். அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி ஆகிய உறவுகளை மட்டுமே வைத்துக் கேள்வி கேட்பது அவர் முறை. நமக்கும் அது பொருந்தும். பெரியப்பாவும் நமக்கு அப்பாதான்; தாய்மாமனே மாமனாராகவும் இருப்பார். "பெற்றவர் யார்?" என்று கேட்டால்தான் கிளை பிரியும்.

இது வெறும் குடும்பப் பெருமை அல்ல. 1962 அக்டோபருக்குப் பின் பிறந்தவர் குடியுரிமை பெற இங்கே பிறந்தது மட்டும் போதாது. பொதுவாக, பெற்றோரின் குடியுரிமை நிலையையும் காட்ட வேண்டும். வாய்வழிப் பட்டியல் சட்டச் சான்றாகாது. ஆனால் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டின் பிறப்புப் பதிவைத் தேடுவது என்று அது வழிகாட்டும். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயரும் அதில்தான் கிடைக்கும்.

1935இல் இருபது வயதில் வந்தவரின் கடைசி மகளுக்கும் இன்று வயதாகியிருக்கும். மலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, இந்தப் பள்ளி விடுமுறையிலேயே அந்தப் பாட்டிகளிடம் அனுப்பட்டும்.