பல்லுக்குக் காப்புறுதி: ஒருவருக்கா, குடும்பத்துக்கா?

காப்புறுதி முகவர் வந்தால் உழைப்பவரின் பெயரை மட்டும் கொடுப்பது எம்மவர் வழக்கம். பல்வலியோ உழைப்பவரைத் தேடி வருவதில்லை. ஆகவே, எடுப்பதானால் குடும்பத்துக்கே எடுக்க வேண்டும்.

ஆனால் கையொப்பமிடுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, குடும்பம் என்றால் யார்? பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டுமே. எம்முடன் வாழும் அப்புவும் ஆச்சியும் அதில் அடங்கார். இரண்டாவது, பல் பிடுங்கவும் அடைக்கவும் பணம் தருவார்களா? பல மருத்துவக் காப்புறுதிகள் விபத்தில் பல் உடைந்தாலன்றித் தருவதில்லை.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சை இலவசம். பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களும் உண்டு. எமக்கு உண்மையான செலவு பஸ் காசும் இழக்கும் நாட்கூலியுமே. அவற்றைக் காப்புறுதி ஈடுசெய்யாது.

காணியை விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் கூலி இல்லாத மாதமும் வரும். அம்மாதம் கட்டணம் தவறினால் காப்புறுதியும் நின்றுவிடலாம். இரு கேள்விகளுக்கும் திருப்தியான பதில் எழுத்தில் கிடையாவிட்டால், அந்தப் பணத்தைக் கிராமச் சங்கத்தில் சேமியுங்கள். வலி வருமுன்னரே வீட்டிலுள்ள அனைவரையும் பல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். வெற்றிலை போடும் பெரியவர்களை முதலில் கூட்டிச் செல்லுங்கள். வாய்ப்புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.