நிறுத்தியவரைத் திட்டாதீர்கள்

ஓடுபாதையில் வேகமெடுத்த விமானம் பாதியில் நின்றுவிட்டால், "பைலட் பயந்துட்டான்" என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். எங்கள் காலை நடைக் கூட்டத்திலேயே நாலு பேர் தேறுவார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காகத்தான். நேரில் சொல்லலாம் என்றால், பாதியில் டீ வந்துவிடுகிறது. பேச்சு தங்கம் விலைக்குப் போய்விடுகிறது.

2023 ஜனவரி 30-ஆம் தேதி காலை கோவையிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் அரேபியா விமானத்தில் 164 பயணிகள் இருந்தார்கள். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தபோதே கழுகு மோதியது. விமானி நிறுத்திவிட்டார். "ஏனுங்க, ஒரு கழுகுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார் நண்பர். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் தேதி, பெங்களூரிலிருந்து மாலே போய்க்கொண்டிருந்த கோ ஃபர்ஸ்ட் விமானம் 92 பேரோடு கோவையில் வந்து இறங்கியது. உள்ளே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. பொறியாளர்கள் பார்த்தால் கோளாறு மணியில்தான். அதற்கும் சிரிப்பு. மணி பொய் சொல்கிறது என்று வானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியுமாம்? கீழே இறங்கிக் கழற்றிப் பார்த்த பிறகுதானே தெரிந்தது?

மற்ற ஊர்க்காரர்கள் பேசினாலும் பரவாயில்லை. விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சோமனூரிலோ பல்லடத்திலோ ஒரு தறிக்கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் துணி வீண். அப்படி நிற்காத தறி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்றால் நீங்கள் வாங்குவீர்களா? இருபது ரூபாய்த் துணிக்கு இருக்கிற நியாயம் 164 உயிருக்குக் கிடையாதா?

விமானத்தை நிறுத்துவது சுலபம், பயந்தவன் செய்கிற வேலை என்று நினைப்பதும் தப்பு. புறப்படும்போது வி-1 என்று ஒரு வேகம் உண்டு. விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், காற்று, வெப்பம் எல்லாவற்றையும் பார்த்து ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்குப் போடுவார்கள். அந்த வேகத்துக்குள் நிறுத்தத் தொடங்கினால் மிச்சமிருக்கும் பாதைக்குள் நிற்கலாம். தாண்டிவிட்டால், ஒரு இஞ்சின் போனாலும் மேலே ஏறிவிட வேண்டும் என்பதுதான் பாடம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்த 'வி'யைப் பார்த்தால் 'வித்தேஸ்' என்றுதான் காதில் விழும். வி-1-ஐ பிரெஞ்சில் 'முடிவெடுக்கும் வேகம்' என்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். அந்த வேகம் வரும்போது முடிவு எடுத்து முடிந்து, கை நகர்ந்திருக்க வேண்டும். யோசிக்க விநாடிகள்தான் மிச்சம்.

அந்தப் பாடத்தையே மீறி நிறுத்தி, 116 பேரைக் காப்பாற்றிய ஒரு விமானியின் கதை உண்டு. 2017 மார்ச் 8. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வில்லோ ரன் விமான நிலையம். அமெரிஸ்டார் நிறுவனத்தின் எம்.டி-83 விமானம், மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியை ஏற்றிக்கொண்டு வாஷிங்டன் கிளம்புகிறது. அன்று பேய்க்காற்று. இரண்டு நாளாக நிறுத்தி வைத்திருந்த விமானத்தின் வாலில், மூக்கை மேலே தூக்க உதவும் பலகை ஒன்றைக் காற்று அடித்து அடித்து இறுக்கிவிட்டது. அந்தப் பலகைக்கும் எலிவேட்டர் என்றுதான் பெயர். அந்த ரக விமானத்தில் விமானியின் கைப்பிடி எலிவேட்டரை நேராக அசைப்பதில்லை. அதன் விளிம்பிலுள்ள சிறு தகடுகளைத்தான் அசைக்கிறது. அதனால் பலகை சிக்கியிருந்தாலும் கைப்பிடி வழக்கம்போல ஆடும். கிளம்புமுன் செய்யும் சோதனையில் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வி-1 அன்று 139 நாட், அதாவது மணிக்குச் சுமார் 257 கிலோமீட்டர். அதைத் தாண்டியாயிற்று. மூக்கைத் தூக்கக் கைப்பிடியை இழுக்கிறார், விமானம் அசையவில்லை. இன்னும் இழுக்கிறார், இல்லை. இது பறக்காது என்று தெரிந்ததும் நிறுத்தினார். வேகம் 173 நாட் வரை போய்விட்டது. ஓடுபாதையைத் தாண்டி, புல்லில் ஓடி, ஒரு சாலையையும் கடந்து நின்றது. ஒருவருக்குச் சிறு காயம், அவ்வளவுதான். அந்தப் பையன்கள் மறுநாள் பயிற்சி உடையிலேயே விளையாடி, நாலைந்து நாளில் கோப்பையையும் வென்றார்கள்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. விமானத்தை ஓட்டியவர் அந்த ரகத்துக்குப் பயிற்சியில் இருந்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவரைச் சோதிக்கும் மூத்தவர். வி-1 தாண்டியபின் நிறுத்துகிறாரே என்று மறுப்பு அவர் வாய்வரை வந்தது. ஆனாலும் கையை நீட்டிப் பிடுங்கவில்லை. இருவர் எதிரெதிராக இழுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

பக்கத்து மாநிலத்திலேயே பார்க்கலாம். 2010 மே 22, மங்களூர். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மிக உயரத்தில், மிக வேகத்தில் இறங்குகிறது. வேண்டாம், மறுபடி மேலே போவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை கூறுகிறது. தலைமை விமானி கேட்கவில்லை. 158 பேர் செத்தார்கள். பிழைத்தது எட்டுப் பேர்.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எனக்கு இந்த இரண்டு காட்சியும் புதிதில்லை. குமாஸ்தா கோப்பில் 'விதிப்படி இல்லை' என்று குறிப்பு எழுதினால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் குறிப்பின் மீது கோபம் வராது. எழுதியவன் மீதுதான் வரும். "எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடறான்" என்ற பட்டம் நாங்கள் சம்பாதித்தது. சரியான இடத்தில் முட்டுக்கட்டை போடத்தான் சம்பளமே!

அப்புறம், "நிறுத்தினது சரிங்க, உடனே திரும்பக் கிளம்ப வேண்டியதுதானே? மூணு மணி நேரம் உட்கார வெக்கறாங்க" என்கிறீர்கள். எழுபது டன் எடை, மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்குகிறது. சூடு எல்லை மீறினால், டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்திலுள்ள அடைப்பான் உருகிக் காற்றை இறக்கிவிடும்படி செய்திருக்கிறார்கள். ஆற வேண்டும், பார்க்க வேண்டும், பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும். 2024 ஜனவரியில் டெல்லியிலிருந்து கோவா போகவிருந்த இண்டிகோவில், தாமதத்தை அறிவித்த விமானியைப் பயணி ஒருவர் ஓடிவந்து அடித்தாரே, அந்தக் கையையா பாராட்டுவது? சாப்பாடு தரவில்லை, விவரம் சொல்லவில்லை என்றால் விமான நிறுவனத்தின் கவுண்டரில் போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இன்னும் கோபம் மிச்சமிருந்தால் அந்தக் கழுகைப் பற்றி யோசியுங்கள். கழுகும் பருந்தும் இரை கிடைக்கிற இடத்தில்தான் வட்டமிடும். விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும்படி கழிவு கொட்டக்கூடாது, பிராணிகளை அறுக்கக்கூடாது என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 91-ஆவது விதி சொல்கிறது. சின்னியம்பாளையம், இருகூர், சிங்காநல்லூர், பீளமேடு எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். சாலை ஓரத்தில் கோழிக்கழிவு மூட்டையைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம். விமானியைத் திட்டுகிற நண்பர்களில் ஒருவரும் இதற்காக மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதியதாக நான் கேள்விப்படவில்லை. எழுத வராது என்றால் சொல்லுங்கள். விதி எண்ணைப் போட்டு நானே எழுதித் தருகிறேன். கையெழுத்து மட்டும் நீங்கள் போட்டால் போதும்.